திரைக்குப் பின்னால் ஒரு ஜோடி கையுறை

ஊர்க் கால்பந்து கிளப்பின் கோச்சை வேலையை விட்டுத் துரத்தியது யார் என்று கேட்டால், எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள்: கோச்சின் சொந்த மைத்துனரை. பகையாளி செய்திருந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். மைத்துனர் செய்தார் என்றதும், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் விழுங்க மறந்துபோனார்கள்.

மைத்துனருக்குத் திரைச்சீலை தைக்கிற தொழில். திரைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடை முழுக்கத் துணி உருளைகள், வளையங்கள், கொக்கிகள். தைக்கும்போது வாயில் வரிசையாகக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். ஊசி வாயோடு பேச முடியாது என்பதால் வாரம் முழுக்க அந்தக் கடையில் 'ம்', 'ம்ஹும்' தவிர வேறு சத்தம் கேட்காது. வாரம் முழுக்கச் சேர்ந்த பேச்செல்லாம் சனிக்கிழமை மைதானத்தில் வெளியே வரும். அவர் ஒரு கத்து கத்தினால் எதிரணி கோல்கீப்பரின் தொப்பி கழன்று விழும். காற்றடித்து விழுந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அங்கே இருந்தேன், அன்றைக்குக் காற்றே இல்லை.

அம்மா போன பிறகு அக்காதான் அவரை வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமானபோது சீர்வரிசையோடு சேர்த்து இவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று கேலி பேசுவார்கள். அக்கா புருஷனான கோச் முகம் சுளிக்காத மனுஷர். கீழே கடை, கடைக்குப் பின்னால் திரைக்காரருக்கு ஓர் அறை, மாடியில் அக்கா வீடு. இரண்டு வேளையும் சாப்பாடு மாடியில்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "சனிக்கிழமை மேட்ச் இருக்கே" என்பார், என்னவோ கல்யாணம் எல்லாச் சனிக்கிழமையும் நடக்கிற காரியம் மாதிரி.

அந்தச் சனிக்கிழமை நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஓர் ஆட்டக்காரனை நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கோச் தன் பையன்களைப் பின்னால் வரச் சொன்னார். தோற்கிறவன் பின்னால் வருவானா? திரைக்காரர் எழுந்து, "முன்னாடி போங்கடா" என்றார். அவர் 'என்றார்' என்றால் மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களும் ரெண்டடி முன்னால் போனார்கள். பையன்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? போனார்கள். நம் வலையில் இன்னும் இரண்டு கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் திரைக்காரர், "கோச், வீட்டுக்குப் போ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. தாளம் தட்டித் தட்டி, தொண்டை கட்டுகிறவரை சொன்னார்கள்.

அது உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற கிளப். கமிட்டிக்காரர்கள் உறுப்பினர்களைக் கண்டால் நடுங்குவார்கள். விடிந்ததும் கோச்சுக்கு வேலை இல்லை.

திரைக்காரர் வழக்கம்போலச் சாப்பிட மாடிக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது.

"யாரு?"

"நான்தான்க்கா."

"எந்த நான்?"

"பசிக்குதுக்கா."

"மைதானத்துல அந்தக் கத்து கத்தினா பசிக்கத்தான் செய்யும். வீட்டுக்குப் போ."

"விளையாட்டு வேற, வீடு வேறக்கா. மாமாவே அதைத் தப்பா எடுத்துக்கலையே."

"அவர் எதைத்தான் தப்பா எடுத்துக்கிட்டார், உன்னை இத்தனை வருஷம் வச்சுச் சோறு போட்டதுலேர்ந்து? வேற ஊர்க் கிளப்புல அவரைக் கூப்பிடறாங்க. மாசக் கடைசியில நாங்க வீட்டைக் காலி பண்றோம்."

திரைக்காரர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே இருந்த கூரையை யாரோ கழற்றிக்கொண்டு போகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. அக்கா இல்லாத ஊரில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கோபம் ஆறிவிடும், மாசக் கடைசிக்குள் கதவு திறந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கீழே போய் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்.

இதற்கிடையில் புதுக் கோச்சை எப்படிப் பிடிப்பது என்ற சண்டை தொடங்கியது. கமிட்டி, பழி நமக்கு வேண்டாம் என்று பொறுப்பை உறுப்பினர்கள் தலையில் கட்டிவிட்டது. பார்வையாளர் மேடைக்கு அடியில் இருக்கிற கூடத்தில், ஈர ஜெர்ஸி வாடைக்கு நடுவே, கூட்டம் நடந்தது.

"நம்ம கிளப்புக்கு ஆடினவனாத்தான் இருக்கணும்," என்றார் பஸ் டிரைவர். அவர் பேசினால் எதிரே வருகிற லாரிக்கு வழி விடாத மாதிரியே பேசுவார்.

"ஆடினவனா?" என்றார் பல் டாக்டர். "பசங்க தோள்ல கை போட்டுக்கிட்டு 'வா மச்சி'ன்னு கூப்பிடுவாங்க. வெளியாள்தான் வேணும்."

"போன தடவை வந்த வெளியாளுக்கு நம்ம மைதானம் எந்தப் பக்கம் சரிவுன்னே தெரியாது. அரை சீசன் மேட்டைப் பாத்தே ஓட விட்டான்."

"நீங்க பஸ்ஸை ஓட்டற மாதிரியா?"

"உங்க பல்லு வேலையை விடத் தேவலை டாக்டர். என் பஸ்ஸுல ஏர்றவங்க யாரும் அழுதுக்கிட்டே இறங்கறதில்லை."

ஒரு பெயர் சொன்னால் அவன் குடிகாரன் என்றார்கள். இன்னொரு பெயர் சொன்னால் அவன் மாமனார் எதிரி கிளப்புக்காரர் என்றார்கள். மூன்றாவது ஆளின் மூக்கு சரியில்லை என்று ஒருவர் மெய்யாகவே ஆட்சேபணை எழுப்பினார். நடுவில் பஸ் டிரைவர் திரும்பி, "உங்க மாமாவே மறுபடி வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று திரைக்காரரைக் கேட்டார்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. "வந்தா நானே பிடிச்சு வெளியில தள்ளுவேன்," என்று சொல்லிவிட்டார் திரைக்காரர். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை அவருக்கு முன்னால் மாடி ஏறிவிட்டது.

பெயரைக் கேட்டால் சண்டை, முகத்தைப் பார்த்தால் சண்டை. அப்போதுதான் திரைக்காரருக்கு அவர் தொழிலுக்குரிய யோசனை வந்தது.

"பேரும் வேண்டாம், முகமும் வேண்டாம். நான் ஒரு திரை தைச்சு இந்தக் கூடத்துக் குறுக்க கட்டறேன். கோச் வேலைக்கு வர்றவங்க பின்னாடி உக்காரட்டும். திரையில கை நுழையற அளவு கிழிசலும், மேஜையைப் பாக்கக் கண்ணளவு ஓட்டையும் விடறேன். அந்தக் கையிலயும் கோல்கீப்பர் கையுறை. இந்தப் பக்கம் டேபிள் டென்னிஸ் மேஜை, அதுதான் மைதானம். என் டப்பாவுல நீல பட்டன் இருக்கு, அது நம்ம ஆளு. கறுப்பு பட்டன் எதிரி, வெள்ளை பட்டன் பந்து. போன சனிக்கிழமை நாம தோத்த ஆட்டத்தையே வச்சுக்குவோம். ஒரு கோல் குறைவு, ஒரு ஆள் குறைவு. எப்படி மீட்கறாங்கன்னு பட்டனை நகர்த்திக் காட்டட்டும். பாக்கறவங்க யாரும் மூச்சு விடக் கூடாது. பேசினா வெளியே."

கூடம் அதிசயமாக ஒத்துக்கொண்டது. யார் யார் பின்னால் இருக்கிறார்கள் என்பது கிளப் செயலாளருக்கு மட்டும் தெரியும் என்று முடிவானது.

அடர்த்தியான மெரூன் துணியில் திரை தொங்கியது. கறுப்பு பட்டன்களை நகர்த்தும் பொறுப்பைப் பல் டாக்டரிடம் கொடுத்தார்கள். பிடுங்குகிற கை, இரக்கம் காட்டாது.

முதல் ஜோடிக் கையுறை ஆட்டத்தை முன்னும் பின்னும் தள்ளிக் குழப்பியது. இரண்டாவது பரவாயில்லை, பதற்றமில்லாமல் ஆடி ஒரு கோலைச் சமன் செய்தது. மூன்றாவது ஜோடி வந்து நீல பட்டன்களை எல்லாம் பின்னால் இழுத்தது. இடது ஓரம் முழுக்கக் காலி.

கூடத்தில் பல் நறநறக்கிற சத்தம் கேட்டது. பஸ் டிரைவர் கழுத்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். திரைக்காரருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, 'முன்னாடி போ' என்று. பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

டாக்டர் சும்மா விடுவாரா? காலியான இடத்தில் கறுப்பு பட்டன்களை ஒவ்வொன்றாக இறக்கினார். கையுறை காத்திருந்தது. எல்லாக் கறுப்பும் அந்த ஓரத்தில் நெருக்கியடித்த பிறகு, மறுபக்கத்தில் ஒரே ஒரு நீல பட்டன் பந்தோடு வழுக்கிக்கொண்டு போனது. நேரே கோல். கையுறை மறுபடி பின்னால் போனது, மறுபடி காலி விட்டது, டாக்டர் இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று பாதி ஆட்களை நிறுத்திவைத்தார். பந்து நடுவில் போனது. இரண்டாவது கோல். டாக்டர் கையைத் தூக்கிவிட்டார்.

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை அதைக் கட்டிய கொத்தனார்கூடக் கேட்டிருக்க மாட்டார். வோட்டுக் கேட்டபோது எல்லாக் கையும் மேலே போனது. திரைக்காரரின் கை எல்லோருக்கும் முன்னால் போனது. அவரே போய்க் கயிற்றை இழுத்தார்.

திரைக்குப் பின்னால் அவருடைய மாமா உட்கார்ந்திருந்தார், கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டு.

பஸ் டிரைவர் வாயிலிருந்து துண்டு விழுந்தது. டாக்டர் மேஜையைப் பார்த்தார், மனுஷரைப் பார்த்தார், திரும்ப மேஜையைப் பார்த்தார். திரைக்காரர் வாயில் இருந்த குண்டூசிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்த சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஒன்று உள்ளே போய்விட்டது என்பவர்களும் உண்டு. நான் அதை மறுக்கவில்லை.

"இதே ஆட்டத்தை அன்னிக்கே ஆடியிருக்கலாமே சார்," என்றார் பஸ் டிரைவர், ஒரு வழியாக.

"அதைத்தான் ஆட ஆரம்பிச்சேன்," என்றார் மாமா. "பசங்க பின்னாடி வந்தாங்க. நீங்க முன்னாடி போன்னீங்க. மைதானத்துல என் குரல் கேக்குமா, என் மச்சினன் குரல் கேக்குமா?"

அத்தனை கண்ணும் திரைக்காரர் பக்கம் திரும்பியது. ஆனால் அவருக்கு வெட்கப்பட நேரமில்லை. மாமா ஜெயித்துவிட்டார் என்றால் அக்கா போகமாட்டாள். அது ஒன்றுதான் அவர் தலையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இது செல்லாது, துரத்தின ஆளையே திரும்பக் கூப்பிட்டா ஊர் சிரிக்கும்," என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்.

"சிரிக்கட்டும்," என்று திரைக்காரர் பாய்ந்தார். "தூக்கின கையைக் கீழ போடறவன் எவன்? பேரு வேண்டாம், முகம் வேண்டாம்னு ஒத்துக்கிட்டுத்தானே உக்காந்தீங்க? இவர்தான் கோச்."

"நீங்கதானே வெளியே தள்ளுவேன்னீங்க?"

"அது வேற வாய்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் அடங்கினார்கள். செயலாளர் கைகுலுக்க முன்னால் வந்தார். மாமா கையுறைகளை அவர் கையில் வைத்தார்.

"வேண்டாம். நான் அந்த ஊர்க் கிளப்புக்கு வார்த்தை கொடுத்துட்டேன்."

இதுதான் யாரும் எதிர்பார்க்காத அடி. எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் தேர்ந்தெடுப்பது என்று அத்தனை சண்டை போட்டார்களே, தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்பது அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கல்யாண மண்டபம் பிடித்து, சமையலுக்குச் சொல்லி, பெண்ணைக் கேட்க மறந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"பின்ன எதுக்கு மாமா வந்தீங்க?" திரைக்காரரின் குரல், அந்தப் பெரிய குரல், ஊசிக்காதில் நுழைகிற அளவு மெலிந்திருந்தது.

"உங்கக்கா அனுப்பினா. என் தம்பி ஒரு தடவையாவது வாயை மூடிக்கிட்டு முழுசாப் பாக்கட்டும்னா."

திரைக்காரர் வீட்டுக்கு ஓடினார். மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசாக்கா. மாமாகிட்ட நீ சொல்லு. நீ சொன்னா இருப்பார். இனிமே நான் மைதானத்துக்கே போகலை."

அக்கா ஒரு தம்ளரை எடுத்துச் சுற்றினாள். "போகாம இருப்பியா நீ? அவரை ஒரு ஊரே சேர்ந்து வீட்டுக்குப் போன்னுது. அந்த ஊர்லயே மறுபடி இருன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நீ கேட்டா எனக்கு மனசு கரையும். அதனாலதான் கதவைச் சாத்தி வச்சேன்."

திரைக்காரர் நின்று பார்த்துவிட்டு, அக்கா வீட்டு ஜன்னல் திரைகளை வளையத்தோடு கழற்றி மடிக்க ஆரம்பித்தார். அவர் தைத்தவைதான் எல்லாம். அன்று அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டாள். தட்டுகள் பெட்டிக்குள் போய்விட்டதால் குழம்புச் சட்டியிலேயே பிசைந்து கொடுத்தாள்.

கிளப்புக்கு இரண்டாவது ஜோடிக் கையுறைக்காரர் கோச்சாக வந்தார். நல்ல மனுஷர், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். அவரைப் பற்றி ஒருவரும் கத்தவில்லை. கத்துவதற்குத் திரைக்காரர் வரவில்லையே. கடை வாரநாட்களில் மட்டும் திறந்திருந்தது. சனிக்கிழமை ஆனால் பூட்டு. உடம்பு சரியில்லை என்றார்கள், ஊசி விழுங்கினது வேலை செய்கிறது என்றார்கள்.

அடுத்த சீசனில் நம் அணி, மாமா கோச்சாகப் போன ஊருக்கு ஆடப் போனது. பஸ் டிரைவரே ரசிகர்களை ஓட்டிக்கொண்டு போனார். மைதானத்தில் பல் டாக்டர் தூரக்கண்ணாடியை எதிர்ப்பக்க மேடைக்குத் திருப்பியவர், அப்படியே சிலையானார். கண்ணாடியை டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் பார்த்துவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"எங்கய்யா இருக்கீர்?"

"அக்காகிட்ட."

"அது எதிரி மேடைய்யா."

"அக்கா இங்கதான் உக்காருவா."

"சத்தத்தையே காணோமே?"

"அக்கா பக்கத்துல இருக்கா," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கோல் போட்டது நம் அணி. எதிர்மேடை முழுக்கத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்க, வெள்ளைச் சட்டை போட்ட ஒரே ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழும்பினார். பாதி எழும்பும்போதே பக்கத்திலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது. அவர் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. முழங்கால் மடங்கி, வாய் திறந்து, சத்தமில்லாமல், நடுவர் விசில் ஊதுகிறவரை அப்படியே இருந்தார்.

அவர் எழுந்தது கணக்கா, உட்கார்ந்தது கணக்கா என்று திரும்பி வருகிற பஸ்ஸில் ஊர் வந்து சேர்கிறவரை சண்டை போட்டார்கள்.