எட்டாம் இலக்கக் கட்டில்

அண்ணாவின் பிரிவில் எங்களோடு நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், இந்த நினைவுமலரைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக இறந்த திகதியின் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கும் என் வணக்கம்.

அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். கணித ஆசிரியராகி, முதலில் வத்தளையிலும் பின்னர் வெள்ளவத்தையிலும் கற்பித்தார். கலவரத்தில் வீடு எரிந்தபோது இரண்டு பெட்டிகளோடு வெள்ளவத்தைக்கு வந்து மறுபடி தொடங்கியவர். அதைப்பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. மாணவரின் பிழையை வெட்டாமல், பக்கத்தில் சரியானதை எழுதிவிடுவார்.

அண்ணிக்கு எட்டு என்றால் பயம். சனியின் எண்ணாம். எட்டு, பதினேழு, இருபத்தாறு என்று கூட்டினால் எட்டு வரும் திகதிகளில் அந்த வீட்டில் எதுவும் தொடங்கக்கூடாது. அண்ணா சிரிப்பார்.

"எட்டு இரண்டின்ரை கனம். பக்கத்து ஒன்பது மூன்றின்ரை வர்க்கம். ஒண்டை விட்டா, ஒரு கனமும் ஒரு வர்க்கமும் இப்பிடி அயலுக்குள்ள இருக்கிறது வேறெங்கையும் இல்லை. அதைப் போய்ச் சனி எண்டுறீரே!"

இருதய சத்திரசிகிச்சைக்கு அனுமதித்தபோது அண்ணாவுக்குக் கிடைத்தது எட்டாம் இலக்கக் கட்டில்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாத ஒழுங்குமுறையே? கட்டிலை மாத்தித் தாங்கோ," என்று அண்ணி என் கையைப் பிடித்தார். யாரிடம் தொடங்கி யாரிடம் முடிக்கவேண்டும் என்பது மட்டுமே அரச சேவை எனக்குக் கற்றுத் தந்தது. புறப்பட்டேன். அண்ணா தடுத்தார்.

"நான் எழும்பினா, ஹெந்தளையில இருந்து வந்து வெளியில காத்துக்கொண்டிருக்கிற மனுசன் வந்து படுப்பார். அவருக்கு மட்டும் சனி இல்லையே?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "பயமில்லை எண்டு நினைக்காதை. நல்லாப் பயமாக் கிடக்கு. எட்டுக்கு இல்லை, கத்திக்கு."

மறுநாள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகுமுன் அண்ணிக்கு ஒரு வேலை கொடுத்தார். "ஏதாவதொரு ஒற்றை எண்ணை எடும். அதை அதாலையே பெருக்கி ஒண்டைக் கழியும். எட்டால பிரியும், மீதி வராது. நான் வருமட்டும் செய்து பாரும்."

காரணம் எனக்குத் தெரியும். ஒன்றைக் கழித்தபின் வருவது அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களின் பெருக்கம். அவற்றில் ஒன்று நாலாலும் பிரியும். எந்த எண்ணிலும் தவறாது. ஆனாலும் வெளியே கதிரையில் காத்திருந்தபோது, எங்காவது மீதி வந்துவிடுமோ என்று நானும் ஒவ்வொரு விடையையும் எட்டிப் பார்த்தேன். அண்ணி மருந்துத் துண்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே போனார். மூன்று, ஐந்து, ஏழு. கதவு திறந்தது, வேறு யாரையோ கூப்பிட்டார்கள். ஒன்பது, பதினொன்று.

இருபத்தேழில் மீதி ஆறு வந்தது.

"தம்பி, அவர் போயிட்டார்," என்றார் அண்ணி.

துண்டைப் பறித்துப் பார்த்தேன். எழுநூற்று இருபத்தொன்பது வரவேண்டிய இடத்தில் எழுநூற்றுப் பத்தொன்பது இருந்தது.

"அண்ணி, எட்டு சரி. நீங்கள் பெருக்கினதுதான் பிழை."

"என்ரை பிழையோ? உண்மையாவே என்ரை பிழைதானோ?"

தன் பிழையை இவ்வளவு ஆசையோடு ஏற்றுக்கொண்ட ஒருவரை என் உத்தியோக காலத்தில் கண்டதில்லை.

அண்ணி திருத்தி எழுதி முடித்த பின்னர்தான் வைத்தியர் வெளியே வந்தார். அண்ணாவின் இருதயம் தாங்கவில்லை.

இயன்றதெல்லாம் செய்த வைத்தியருக்கும் தாதியருக்கும், சமைத்துத் தந்த அடுக்குமாடி அயலவருக்கும், இறுதிவரை கூட நின்ற அண்ணாவின் மாணவருக்கும் எங்கள் நன்றி. "எட்டாம் கட்டில் எண்டு கேட்டவுடனையே எனக்கு விளங்கிட்டுது" என்று செத்தவீட்டில் சொன்ன உறவினருக்கும், வந்தமைக்காக நன்றி. மறுமொழியை அண்ணியே அங்கே சொல்லிவிட்டார்.

"எட்டில பிழையில்லை. நான் அங்கை இருந்து பிரிச்சுப் பார்த்தனான்."