குதிரைப்பொட்டலில் நான் மைக் பிடித்த காலம்

தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகும் வழியில், இன்று மனைக்கற்கள் நட்டுக் கிடக்கும் இடத்துக்குக் குதிரைப்பொட்டல் என்று பேர். குற்றாலத்தில் வந்து தங்கிய வெள்ளைக்காரத் துரைகள் குதிரை ஓட்டிய இடம் என்பார்கள். அது எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஜட்கா என்கிற குதிரை வண்டிக்காரர்களின் ரேஸ். சாரல் சீசனில் தென்காசி ரயிலடியிலிருந்து அருவிக்கு ஆள் ஏற்றுகிறவர்கள், மாசி மாதம் சவாரி ஓய்ந்ததும் அங்கே வண்டியோடு பந்தயம் விடுவார்கள். ஜெயித்தவருக்குக் கோப்பை கீப்பை கிடையாது. அடுத்த சீசன் முழுக்க ரயிலடி வரிசையில் அவர் வண்டிதான் முதலில் நிற்கும். அதைவிடப் பெரிய கோப்பை ஏது?

முதல் நாள்

மைக் செட் வேலைக்குச் சேர்ந்த என்னை முதலாளி முதன்முதலில் கூட்டிப்போனது அந்த ரேஸுக்குத்தான். ஹார்ன் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரி கொடுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தேன். முதலாளி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஏலே, பேசும்போது கைய ஆட்டிராத. கையக் கண்டா குதிர நின்னுரும்."

"எதுக்கு அண்ணாச்சி நிக்கும்?"

"யாரோ சவாரிக்குக் கூப்பிடுதாங்கன்னு நெனைக்கும்லே. வருசம் பூரா அதுக்கு அதான சோலி? நின்னுட்டா பொறவு வண்டில ஆள் ஏறாம அசையாது."

அதனால் எந்த வருஷமும் என் முதல் அறிவிப்பு ஒன்றுதான்: "பெரியோர்களே, தாய்மார்களே, தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள்." மொத்தக் கூட்டமும் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தொண்டை கிழியக் கத்தலாம், கையை மட்டும் தூக்கக் கூடாது. இப்படி ஒரு அடக்கமான ரசிகர்களை நான் வேறு எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

ராணி நின்றது

காசிம் அண்ணன் வண்டி ரயிலடியில் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். அவர் முறை வருவதற்குள் சனம் பஸ் ஏறிப் போய்விடும். ஒரு வருஷம் அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தோத்தேன்னா ராணிய வித்துட்டு வேற சோலியப் பாக்கப் போறேன்." ராணி அவருடைய மட்டக்குதிரை. வாங்கிக்கொள்ள சுரண்டை வியாபாரி ஒருவர் கையில் கயிறோடு வந்து பொட்டலில் நின்றார்.

அன்று ராணி பறந்தது. திருப்பத்தில் எல்லோரையும் முந்திவிட்டது. "காசிம் அண்ணன் முன்னால்! ராணி முன்னால்!" என்று மைக்கே உடையும்படி கத்தினேன். அந்தச் சத்தம் கேட்டு, சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்த அவர் மனைவி, நாங்கள் பாத்து மைனி என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்தார். அதுவரை ரேஸ் பக்கமே வந்திராதவர். சந்தோஷம் தாங்காமல் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தி ஆட்டினார்.

ராணி நின்றுவிட்டது. மைனிக்கு நேராக, ஏறுவதற்குத் தோதாக.

காசிம் அண்ணன் கடிவாளத்தைச் சுண்டினார், கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"ஏறுட்டி!" என்று கத்தினார்.

மைனி ஏறியதும் ராணி கிளம்பியது. கடைசியாக வந்து சேர்ந்தது.

"நானே கெடுத்துட்டேனே" என்று மைனி அழுதார். காசிம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மைனி அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அது காசு கொடுத்து ஏறுகிற சவாரிக்கான இடம்.

"அழாத. வந்ததே வந்துட்ட. அருவியப் பாத்துட்டு வருவோம், நல்லாப் பிடிச்சு உக்காரு."

வண்டியை அப்படியே குற்றாலம் ரோட்டில் விட்டார். அருவியில் நூலாகத் தண்ணீர் விழுகிற காலம். அதைப் பார்க்கப் போனார்கள். சுரண்டைக்காரர் இருட்டும்வரை இருந்துவிட்டு வெறுங்கயிறோடு பஸ் ஏறினார்.

அடுத்த சீசனில் காசிம் அண்ணன் ரயிலடி வரிசையில் நிற்கவே இல்லை. குற்றாலம் ரோட்டில் மெதுவாகப் போவார். நனைந்துகொண்டு நடக்கும் யாராவது கையைக் காட்டினால் ராணி நிற்கும். பிழைத்துக்கொண்டார்கள்.

கடைசி ஓட்டம்

ஆட்டோ வந்தது. ஜட்காக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு மாசியில் பொட்டலுக்கு வந்தது காசிம் அண்ணன் வண்டி மட்டும்தான். பின்சீட்டில் மைனி. கூட்டமும் இல்லை.

"ஒத்த வண்டிக்கு என்ன ரேஸு? செட்டக் கழட்டுலே" என்றார் முதலாளி.

"ஒரு ரவுண்டு விட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி" என்றார் காசிம் அண்ணன்.

நான் செட்டைக் கழற்றவில்லை. ராணிக்கு வயதாகிவிட்டது, நடையும் ஓட்டமுமாகத்தான் சுற்றியது. பத்து வண்டிக்கு எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன். திருப்பத்தில் முந்துவதைச் சொன்னேன், எல்லையை நெருங்குவதைச் சொன்னேன். கடைசியில், "முதலிடம், ரயிலடி காசிம் அண்ணன்!" என்று அறிவித்தேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாண மண்டபங்களில் இன்று மைக் பிடிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தை எண்ணிப் பார்த்துக் குரலைக் குறைக்காதீர்கள். கேட்க வேண்டிய ஆள் ஒருவர் போதும்.