ராமசுப்பு சார் அளந்த அமைதி

புளியங்குடிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "ராமசுப்பு சார் போயிட்டாக" என்பதை மூன்று முறை சொல்லவைத்துத்தான் புரிந்துகொண்டேன். அவர் பக்கத்தில் இருந்திருந்தால், இறங்கியதும் அந்த ஹாரனைப் பற்றி மனு எழுதியிருப்பார்.

நம் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய மனுக்கள் தெரியும். விமான நிலைய மனு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

பனவடலிசத்திரம் பக்கத்துத் தரிசில் சிறிய விமான நிலையம் வரலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. கருத்துக் கேட்க அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அங்கே ஆட்டுக்கிடை போடும் மாடசாமி, ராமசுப்பு சாரைத் தேடி வந்தார். "சத்தத்துல சினையாடு வெருண்டா குட்டி கலைஞ்சிரும், சார்வாள். எங்க பொழப்பே அதுதான்."

சார் விமான இரைச்சல் விதிகளை ஒரு வாரம் படித்தார். இப்போதிருக்கும் சத்தத்தை முதலில் அளக்க வேண்டும் என்றார். சரிதானே? பையன் வளர்ந்திருக்கிறானா என்று பார்க்க, போன வருட உயரம் தெரிய வேண்டும் அல்லவா? கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியோடு சங்கரன்கோவில் பேருந்து நிலையம், சந்தை, கல்யாண மண்டபம் என்று அலைந்து எல்லாவற்றையும் குறித்தார்.

கூட்டத்தில் அதிகாரி அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், இந்தச் சத்தத்துல விமானம் வந்தா யாருக்குமே கேக்காதே!"

கூட்டமே சிரித்தது. மாடசாமி மட்டும் சிரிக்கவில்லை. "என்ன சார்வாள், நீங்களே அவுகளுக்கு எடுத்துக் குடுத்துட்டியளே!"

"அளந்தது சரி. அளந்த எடந்தான் தப்பு" என்ற சார், ஒரு வார அவகாசம் கேட்டு வாங்கினார்.

மறுநாள் நண்பகலில் சாரும் மாடசாமியும் தமிழாசிரியரான நானும் கிடைக்குப் போனோம். ஆடுகள் உடைமர நிழலில் படுத்திருந்தன. சார் கைபேசியை நீட்டியபடி அசையாமல் நின்றார்.

"எதுக்கு மூச்சப் புடிச்சிட்டு நிக்கிய?" என்றார் மாடசாமி.

"என் மூச்சும் அளவுல சேந்துரும்லா. பேசாம இரும்வே."

அப்போதுதான் நான் தும்மினேன். ஆடுகள் அத்தனையும் துள்ளி எழுந்தன. சார் என்னை முறைத்தார்; பிறகு ஆடுகளைப் பார்த்தார்; பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரியே மனுவை உரக்க வாசித்தார்: 'இந்த அளவீட்டில் தமிழாசிரியரின் தும்மல் ஒன்றும் அடங்கும். அதற்கே ஆடுகள் அனைத்தும் எழுந்து ஓடின.' இந்த முறை மாடசாமியும் சிரித்தார். ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் கிடைகளுக்கு மேலே விமானம் தாழப் பறக்கக் கூடாது என்ற நிபந்தனை அறிக்கையில் ஏறியது.

விமான நிலையம் இன்றுவரை வரவில்லை. கேலி செய்தவர்களிடம் சார் சொல்வார்: "விதி முந்தி வந்துட்டு. விமானம் மெதுவா வரட்டும்வே."

இறுதி ஊர்வலத்தில் வேட்டுக்கட்டோடு வந்தவர்களை மாடசாமி தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். "சார்வாளுக்குச் சத்தம் ஆவாது. அங்கனயே வச்சிட்டு வாங்க" என்றார்.

மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். அரசுக் கோப்பில் ஏறியது என் தும்மல் ஒன்றுதான். அந்த வரிக்குக் கீழே, 'உண்மை' என்று எழுதிச் சார் கையெழுத்திட்டிருக்கிறார்.