மூன்று மணி அழைப்பு

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த சிறிய மென்பொருள் அலுவலகத்துக்கு, ப்ரோகிராம்களைச் சோதித்துப் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் ஒரு அம்மா வருவார். ஒல்லியான உருவம். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ப்ரோகிராம் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் லாகை நாங்கள் வடிகட்டி, பிழைகளை மட்டும் பார்ப்போம். அவர் எல்லா வரிகளையும் உதடு அசையப் படிப்பார்.

வீட்டிலிருக்கும் நோயாளிகள் நர்ஸை அழைப்பதற்கான செயலி ஒன்றை அப்போது சோதனைக்கு விட்டிருந்தோம். அழைப்பு தானாகவே துண்டிக்கப்படுகிறது என்று நர்ஸ்களிடமிருந்து புகார் வந்தது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். லாகை வடிகட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அந்த அம்மா உட்கார்ந்து முழுவதையும் படித்தார். துண்டிக்கப்பட்ட அழைப்புகள் எல்லாம் பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருக்கும் ஒருவருடையவை. தினமும் மதியம் மூன்று மணிக்கு அழைப்பு. நர்ஸ் எடுத்ததும் துண்டிப்பு.

"ப்ரோகிராம் கட் பண்ணலபா. அவரேதான் பண்றாரு."

"எதுக்கு மேடம்?"

"யாராவது எடுக்கறாங்களான்னு பாக்கறாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கொஞ்ச நாள் அப்படிப் பண்ணிக்கினு இருந்தேன்பா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறிக்கையில், 'பிழை இல்லை. மூன்று மணிக்கு நர்ஸே அவரை அழைத்துப் பேசலாம்' என்று எழுதினார். நர்ஸ் அழைத்தபோது அந்த மனிதர் அரை மணி நேரம் பேசினாராம்.

அந்த அம்மா யாரை அழைத்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் யாராவது எடுத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியும் அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.