கொண்டையை அவிழ்த்துப் பார்த்த ஆட்டம்

என் அக்கா ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவளைப் போய் ஏமாற்றுக்காரி என்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சதுரங்கம் என்றால் அவளுக்குப் பைத்தியம். ஆனால் மனக்கணக்கில் நான்காவது நகர்த்தலைத் தாண்டினால் எல்லாம் குழம்பிவிடும். வெட்டுப்பட்ட குதிரை மறுபடி வந்து நிற்கும். வேலையில் மட்டும் எதுவும் மறக்காது. கிடங்கில் எட்டு அலமாரி, அலமாரிக்கு எட்டுத் தட்டு. எந்தத் தட்டில் எந்த வார்டுத் துணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒருநாள் போர்வை மடிக்கும்போது அவளுக்கே தோன்றியிருக்கிறது: இங்கே தட்டும் அறுபத்து நான்கு, அங்கே கட்டமும் அறுபத்து நான்கு! அன்றிலிருந்து மனசுக்குள் காய்களைத் தட்டுகளில் ஏற்றினாள். குதிரை தலையணை உறைமேல் குதித்தால் உறையில் குளம்புத் தடம் பார்ப்பாள். வெட்டுப்பட்ட காயை அழுக்குக் கூடையில் போடுவாள். அது திரும்பி வராது. ஒரே வருஷத்தில் ஒன்பது நகர்த்தல் தூரம் பார்க்கப் பழகிவிட்டாள். கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, விரலால் மடியில் துணி நீவிக்கொண்டே யோசிப்பாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

நகரப் போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் நகர அணியில் இடம். எதிரே ஒரு வங்கி மேலாளர், தோற்கிற நிலையில். கையைத் தூக்கினார். "இந்தம்மா யாருக்கோ சைகை காட்டுறாங்க. தலைக்குள்ள ஏதோ ஒளிச்சு வச்சிருக்காங்க."

குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் ஆடக் கூடாது என்றார் நடுவர். அரங்கமே பார்க்க, ஒரு பெண்ணை விட்டு அக்காவின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். என்ன கிடைத்தது? நான்கு கொண்டை ஊசி. அத்தோடு விட்டார்களா? பலகைக்கு அடியில் கருவி இருக்குமோ என்று காய்களை எடுத்துவிட்டுத் தேடினார்கள். திரும்ப அடுக்கி வைத்தவர் யார்? அந்த மேலாளரேதான்!

அக்கா தலையை முடிந்துகொண்டு வந்து பலகையைப் பார்த்தாள். "என் சிப்பாய் ஒரு கட்டம் முன்னாடி இருந்துச்சு."

"இங்கதான் இருந்துச்சு" என்றார் மேலாளர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். "சார், நகர்த்தல் எழுதின குறிப்புத் தாள எடுத்து வச்சுக்குங்க. ஆபரேஷன் துணித் தட்டுல அவரு யானை. துண்டுத் தட்டுல என் குதிரை..."

நடுவர் திருதிருவென்று விழித்தார்.

"சரி, உங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்றேன்" என்று முதல் நகர்த்தலிலிருந்து முப்பத்தொன்று வரை கட்டத்தின் பெயரோடு ஒப்பித்தாள். நடுவர் தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. சிப்பாய் தன் இடத்துக்குப் போனது. அடுத்த ஆறு நகர்த்தலில் மேலாளரின் ராஜா மாட்டிக்கொண்டது.

நடுவர் குழைந்தார். "அதான் ஜெயிச்சிட்டீங்களேம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"எல்லார் முன்னாடியும் என் தலைய அவுத்தீங்க. ஒண்ணும் இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் மைக்கை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் சட்டைப் பித்தானிடம் சொல்வதுபோல ஏதோ முனகினார்.

"காதுல விழல!" என்று பின் வரிசையிலிருந்து நான் கத்தினேன். "சத்தமாச் சொல்லுங்க!"