வெட்டிவேர்த் தட்டியும் கோழிப் பண்ணையும்

காலை 8.30. கத்திரி வெயிலில் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறுகிறவனுக்கு ஒன்று அவசர வேலை இருக்க வேண்டும், இல்லை மூளை குழம்பியிருக்க வேண்டும். எனக்கு முதலாவது. தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்த மகள் வினோதினி, ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவித்து, நேற்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். "முடியலப்பா. ஞாயித்துக்கெழம சென்னைக்கே போயிடறேன். அவுங்க வூட்ல ஏசி இருக்கு."

தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் மாடி வீடு. கிழக்கு ஜன்னலில் கடல் தெரியும். அந்த ஜன்னலில்தான் வெட்டிவேர்த் தட்டி கட்டி, நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். வீடு கமகமத்தது, ஆனால் குளிரவில்லை. வேர் போலி என்று விற்றவரைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

சிதம்பரத்தில் மைத்துனன் குமார் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். ஏசி இல்லை, ஆனாலும் கோழி சாகவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பியவள் மனைவி கமலா.

ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். காலை வெயிலுக்குப் பயந்து வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் மேற்கிலிருந்து அனல் முகத்தில் அறைந்தது. நடத்துனர் சிரித்தார். "சார், துண்ட நனச்சி ஜன்னல்ல கட்டுங்க." கட்டினேன். சில்லென்று இருந்தது. புதுச்சத்திரத்துக்குள் துண்டு காய்ந்து மொறமொறத்தது.

10.15. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சாலையில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பண்ணைக் கொட்டகையின் மேற்குப் பக்கம் முழுக்க ஈரச் சாக்குகள் தொங்கின. கிழக்குப் பக்கம் திறந்து கிடந்தது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, அதன்மேல் தென்னங்கீற்று. உள்ளே நுழைந்ததும் உடம்பு மூச்சு விட்டது. வீட்டில் தட்டி கட்டியும் குளிராத கதையைக் குமாரிடம் சொன்னேன்.

"தட்டிய எந்தப் பக்கம் கட்டுனீங்க மாமா?"

"கடல் பக்கம்தான் மச்சான். குளுந்த காத்து இன்னும் குளுரட்டும்னு."

குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "கடக்காத்தே ஈரம் மாமா. அதுல தண்ணியையும் ஊத்துனா குளுராது, புழுங்கும். வர்ற காத்தையும் தட்டி மறிச்சிக்கும். மொத வருசம் நானும் இப்டிதான் பண்ணேன், கோழிங்க எல்லாம் வாயப் பொளந்துடுச்சி. காஞ்ச மேக்காத்துக்குத்தான் ஈரத் தட்டி. காத்து திரும்புனா சுருட்டிடணும்."

எம்.ஏ. படித்த என்னைவிடக் கோழிகள் விவரமாக வளர்ந்திருக்கின்றன. வெட்கமாகத்தான் இருந்தது. கர்ப்பிணிப் பெண்ணை ஒரு வாரம் நானே புழுக்கத்தில் போட்டு வதைத்திருக்கிறேன்.

பிற்பகல் 2.00. சாப்பிட்டுக் கைகழுவும்போது, காற்றின் திசை பார்க்க மூங்கிலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடா தொய்ந்தது, பிறகு எதிர்ப்பக்கம் பறந்தது. குமார் கயிற்றை இழுத்துச் சாக்குகளைச் சுருட்டினான். கிழக்கிலிருந்து காற்று புகுந்தது.

"கடக்காத்து இங்கயே வந்துடுச்சின்னா, ஒங்களுக்கு எப்பவோ வந்திருக்கும். அக்காவுக்கு ஃபோன் போடுங்க மாமா!"

போட்டேன். கிழக்குத் தட்டியைக் கழற்றச் சொன்னேன், மேற்கு ஜன்னலுக்கு மாற்றச் சொன்னேன். "இதச் சொல்லத்தான் சிதம்பரம் போனீங்களா?" என்று கமலா வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். "மெதுவா பேசுங்க. தூங்குறா" என்றாள். சிதம்பரம் பேருந்து நிலையக் கூட்டத்தின் நடுவே எனக்குக் கண் கலங்கியது.

மாலை 6.10. குமார் பண்ணைக் குளுமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். மேல்தளம் இன்னும் கொதித்தது. நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கீற்று வாங்க வேண்டும். ஆனால் கிழக்கு ஜன்னல் வழியே காற்று தாராளமாக வந்தது. வாசலில் பெட்டியைக் காணோம். உள்ளே போனேன். மேற்கு ஜன்னலில் தரைவரை தொங்கிய தட்டியின் அடியை அழுத்திக்கொண்டு பெட்டி நின்றது. நகர்த்தப் போனேன்.

"எடுக்காதப்பா" என்றாள் வினோதினி. "காலையில மேக்காத்துக்குத் தட்டி ஆடும். என் துணியெல்லாம் பீரோவுல வச்சிட்டேன். உள்ள இருக்கறது ஒன்னோட பழைய பேப்பருங்கதான்."