நான்கு பச்சைச் சக்கரங்கள்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் நாள் முழுக்க நின்றபடி ஈரப் போர்வைகளைச் சூடான உருளைக்குள் கொடுப்பதுதான் அவள் வேலை. அங்கே "ஏய், உருளை!" என்றால் அவள்தான். வீட்டில் அக்காவுக்கு "சின்னவ". கட்டியவன் ஒரு நாள் பெட்டியோடு போனவன் போனவன்தான். அதன் பிறகு அக்கா வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டாள். முப்பத்தாறு வயதில் அவளை ஒரு மனுஷியாக மதித்த இடம் ஒன்றே ஒன்று. பழைய சரக்குக் கிடங்கில் நடந்த ரோலர் டெர்பி கிளப். அங்கே அவள் பெயர் "பாறை".

சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு வட்டப் பாதையில் சுற்றும் பெண்கள். தொப்பியில் நட்சத்திரம் போட்டவள் கூட்டத்தைப் பிளந்து முன்னே போகவேண்டும். மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் அவளை மறிக்கவேண்டும். பாறை மறித்தால் மறித்ததுதான். ஒருமுறை நட்சத்திரக்காரி "குளவி" அவள் மேல் மோதி, கணுக்கால் முறிந்து விழுந்தாள். விதிப்படி தப்பில்லை என்றார்கள். ஆனாலும் எலும்பு முறிந்த சத்தம் பாறையின் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த மாதம்தான், அதுவரை அவள் போட்டு ஆடிய கிளப்பின் இரவல் காலணிகளைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. சொந்தக் காலணி இல்லாதவர் வரவேண்டாம்.

கையிலிருந்ததை முடிந்துகொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் அவள் பாதத்தைத்தான் பார்த்தார்.

"நின்னு நின்னு கால் அகண்டு போச்சேம்மா. இந்தப் புதுசு விலை கம்மிதான். ஆனா விரலை நெரிக்கும். அடித்தட்டும் பிளாஸ்டிக், நீங்க இடிக்கிற இடிக்கு வளைஞ்சுடும்."

"அப்ப எதைத்தான் வாங்குறது?"

"காசு கொஞ்சம்னா முதல்ல பூட்ஸைப் பாருங்க. அப்புறம் தட்டு. சக்கரத்தை எப்ப வேணா மாத்திக்கலாம்."

பழைய பொருள் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு ஜோடியை எடுத்துத் தந்தார். யாரோ சக்கர நடனக்காரி போட்டுக் கழித்தது. உலோகத் தட்டு. காலை நுழைத்ததும் அளவெடுத்துத் தைத்ததுபோல் கவ்விக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா சக்கரம் எலும்பு மாதிரி கெட்டி," என்றார் கடைக்காரர். "மரத்தரைக்குச் சரி. உங்க கிடங்கு வழவழன்னு சிமெண்டு. மெத்துனு இருக்கிற சக்கரம்தான் அங்க பிடிக்கும்."

சக்கரத்துக்கு மிச்சமில்லை. அவர் தவணைக்குத் தருகிறவரும் இல்லை.

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுறியா? இந்த வயசுல எவளாவது கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுத் திரிவாளா?"

"உனக்குப் புரியாதுக்கா."

"புரியலதான். முதல்ல அந்த இடுப்புக்கு ஒத்தடம் குடு. கரண்டியைப் போட்டுட்டு குனிஞ்சு எடுக்கக்கூட முடியல உனக்கு."

கடைசிப் பயிற்சியில் அவள் பாறையாக இல்லை, எண்ணெய்ச் சட்டியில் விட்ட மீனாக இருந்தாள். திரும்பும் இடமெல்லாம் வழுக்கியது. பயிற்சியாளர் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்தச் சக்கரத்தோட ஞாயித்துக்கிழமை இறங்காத. நீ விழுந்தா பரவால்ல, இன்னொருத்தியையும் சேர்த்துச் சாய்ச்சுடுவ."

இன்னொருத்தி. அந்த வார்த்தை அவளைக் குத்தியது. ஆலையில் மேற்பார்வையாளரிடம் முன்பணம் கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தோழிகளிடம் இரவல் கேட்டாள். அவரவருக்கு அன்றைக்கு அவரவர் சக்கரம் வேண்டியிருந்தது. யாரைக் குறைசொல்ல?

உபகரண அறையின் ஆணியில் குளவியின் காலணி தொங்கியது. அவள் கால் கட்டு பிரிக்க இன்னும் நாளாகும் என்று பேசிக்கொண்டார்கள். இலைப் பச்சையில், மென்மையான எட்டுச் சக்கரங்கள். பாறை கதவைச் சாத்தினாள். ஒரு காலணிக்கு இரண்டாக, தள்ளி மிதிக்கும் பக்கத்துக்கு மெத்தென்று நான்கு இருந்தால் போதும், மற்றதைப் பழைய சக்கரம் பார்த்துக்கொள்ளும். பாதி திருடினால் பாதிப் பாவம் என்று மனசு தனக்குத்தானே சலுகை கொடுத்தது. திருகுச் சாவி வழுக்கி, நட்டு ஒன்று உருண்டு அலமாரிக்கடியில் போயிற்று. தரையில் படுத்து அதைத் துழாவும்போது, 'தூ, இதுவும் ஒரு பிழைப்பா' என்று தோன்றியது. ஆனாலும் எடுத்தாள், மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தரை அவள் சொன்னபடி கேட்டது. நட்சத்திரக்காரிகள் வந்து மோதி மோதித் திரும்பினார்கள். "பாறை! பாறை!" என்று கூச்சல். நாலாவது ஆட்டத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோலோடு குளவி நின்றாள். எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்க, அவள் மட்டும் பாறையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீழ்க்கை ஊதியதும், பாறை யாரும் கூப்பிடாமலே தடுப்பருகே போனாள்.

"உன்னோடதுதான். நான்தான் கழட்டினேன். திருப்பி மாட்டிடலாம்னு…"

"பார்த்தாலே தெரியுது."

"உங்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்." குளவியின் குரல் உயரவே இல்லை. "கால்தான் போச்சு, சக்கரமாவது எனக்காகக் காத்திருக்குன்னு நெனச்சு நாளை ஓட்டிக்கிட்டிருக்கேன். அதையும் எடுத்துக்கிட்டியே. கழட்டு. இங்கயே கழட்டு."

எல்லோரும் பார்க்க அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பயிற்சியாளர் வந்து என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னாள்.

தேர்வுப் பட்டியலில் முதலில் இருந்தது அவள் பெயர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பயிற்சியாளர் அதை அடித்துவிட்டார். "இந்தப் பருவம் முழுக்க அணியில நீ கிடையாது. பயிற்சிக்கு வரணும்னா வா, வராம இருந்தாலும் சரி."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அக்கா அடுப்பில் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு வலிச்சிருக்கும்," என்றாள். "சரி, எழுந்து முகத்தைக் கழுவு."

பக்கத்து அறையில் அக்கா தூங்கிப்போன பிறகும் பாறை விழித்துக் கிடந்தாள். இனி அங்கே எந்த முகத்தோடு போவது? போகாவிட்டால், ஆலையும் இந்தப் பின்னறையும் தவிர வேறென்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அந்த எலும்புச் சக்கரங்களோடே போனாள். யாரும் "பாறை" என்று கூப்பிடவில்லை. குளவி ஓரத்து நாற்காலியில் இருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாறை வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். வெளியே போ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.